பல் ஆபரேஷன் என்று சொன்னோம்

யாராவது ‘கைராசி’ என்று சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கல்யாணப் பந்தியில், கம்பெனி கேன்டீனில், தாம்பரம் பிளாட்பாரத்தில், எங்கே வேண்டுமானாலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். அந்த டாக்டர் கைராசிக்காரர், அவர் தொட்டாலே பாதி சரியாகிவிடும் என்கிறார். முன்பெல்லாம் எழுந்து போய்விடுவேன். இப்போது போவதில்லை. எதற்கு, என்ன வியாதிக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்கிறேன். கேட்டவுடன் அவர் முகம் சுருங்கிப்போகிறது. ஏதோ அவர் வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகக் கேட்டுவிட்டதைப் போல.

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஒரு நாளில் நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சம் தானாக வரும்.

என் அக்கா சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். அத்தான் காலமாகி ஆறேழு வருடம் ஆகிறது. ஒரே மகள். நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். வீட்டுக் காரியங்களை அவளே பார்த்துக்கொள்வாள். ஆம்பளை ஒருத்தன் பேசினால் நல்லது என்று ஊர் நினைக்கும் காரியங்களை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவாள். மகளின் கல்யாணம் அதில் முதலாவது. தாய்மாமன் என்ற பெருமையில் நானும் தோளை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அக்காவுக்கு மேல் அண்ணத்தில், வலது பக்கம், ஒரு சின்ன மேடு வந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் பிழைத்திருப்போம். மேலுதடு மட்டும் ஒரு பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, காப்பியின் சூடு தெரியவில்லை என்றாள். கேம்ப் ரோட்டில் இருக்கும் பல் டாக்டர் பல்லின் வேரில் சீழ் என்று மாத்திரை கொடுத்தார். பிறகு பல்லைப் பிடுங்கினார். பிடுங்கின இடம் ஆறு வாரமாகியும் மூடவில்லை. அவருக்கே பயம் வந்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த மனிதர் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

ரிப்போர்ட்டில் இருந்த பெயரை அவர் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எச்சில் சுரப்பியில் வரும் புற்றுநோய், அபூர்வமான வகை, மெதுவாகத்தான் வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டே மேலே போகும் என்றார். தன்னுடைய சர்வீஸில் இதை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். இந்தப் பக்கம் எங்கேயும் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், நேராக அங்கே போய்விடுங்கள் என்று சொன்னார்.

அங்கே என்றால் நகரத்துக்குள் இருக்கும் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. அவரை அங்க சேத்திருக்காங்களாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், கேட்பவர் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். தாம்பரத்திலிருந்து போகும் பஸ்ஸில் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். வருஷக்கணக்காக இந்த மாதிரி கேஸ்களையே பார்த்துப் பழகின டாக்டர்கள் இருக்கும் இடம் அது. அதன் பெயரைச் சாவுக்கு இன்னொரு பெயராக ஆக்கி வைத்திருக்கிறோம். அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. போய்ச் செத்தவர்களைப் பற்றி மட்டும் எல்லாரும் சொல்கிறோம். இந்த ஊர்க் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது பாருங்கள்.

அது ஆனி மாசக் கடைசி. அக்கா மகளைக் கேளம்பாக்கத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஊர்ப் பூர்வீகக் குடும்பம். முன்பு நெல் போட்ட நிலம் இப்போது கடைகளாக நிற்கிறது. மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் வேலை. பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. ஆடி கழியட்டும், ஆவணியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம், தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். பேசினது நான்.

இந்த நேரத்தில்தான் ரிப்போர்ட் வந்தது. அக்கா அதை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“அங்கயே போயிடலாமாடா?”

“அங்க போனா நாளைக்கே கேளம்பாக்கம் வரைக்கும் தெரிஞ்சிடும்க்கா. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. கல்யாணம் முடியட்டும்.”

மகளின் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பெருங்களத்தூர்ச் சித்திதான் அந்த டாக்டரைச் சொன்னாள். அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தவர். ஜி.எஸ்.டி. சாலையோரம் புதிதாகக் கட்டின ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கட்டடம், வாசலில் காப்பிக் கடை. பெயரைச் சொன்னால் காய்ச்சலுக்குப் போனாயா, பிரசவத்துக்குப் போனாயா என்றுதான் கேட்பார்கள். சித்தி தன் கழுத்தைத் தூக்கிக் காட்டினாள். தழும்பு இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் கைராசி அப்படி என்றாள். தைராய்டு எங்கே, அண்ணம் எங்கே? கழுத்துக்கு மேலே எல்லாம் ஒன்றுதானே என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என் பிழைப்பைச் சொன்னால்தான் என் முட்டாள்தனத்தின் அளவு புரியும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் யூனிட்டில் நான் குவாலிட்டி பார்க்கிறேன். வண்டிக்குள் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போய் உட்காரும் தகட்டுத் துண்டுகள் செய்கிறோம். அதில் ஒரு வேலையை வெளியே கொடுக்க வேண்டும் என்றால், வருகிறவனை நான் கேட்கும் முதல் கேள்வி, இதே பார்ட்டை இதற்கு முன்னால் எத்தனை அடித்திருக்கிறாய் என்பதுதான். இதே மாதிரி என்று அவன் இழுத்தால் விடமாட்டேன். மாதிரி வேண்டாம், இதே பார்ட் என்பேன். ஒரு தகட்டுத் துண்டுக்கு அவ்வளவு கறார்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது, கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். அக்காவை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் புருவம் கொஞ்சம் ஏறியது. இது அபூர்வமான வகை என்றார். செய்யலாம், செய்துவிடலாம் என்றார். அப்புறம், நீங்கள் வேண்டுமானால் அங்கேயும் காட்டலாம், லெட்டர் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று ஒப்புக்குக் கேட்பார்களே, அந்தக் குரலில்தான் கேட்டார். வேண்டாம் என்பதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. வேண்டாம் சார், உங்க மேல நம்பிக்கை இருக்கு என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரைப் பார்த்து அப்படிக் கேட்பதா? கேட்டால் கோபித்துக்கொண்டு கத்தியை ஏனோதானோவென்று வைத்துவிடுவாரோ என்றுகூட ஒரு பயம். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் கேட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்செல்லாம் வெறும் பூசி மெழுகல்.

“முகத்துல தழும்பு விழாம பண்ண முடியுமா சார்? வீட்ல ஒரு விசேஷம் இருக்கு.”

முடியும் என்றார். வாய்க்குள்ளேயே பண்ணி முடித்துவிடலாம் என்றார். ஆடி மாசம் முழுவதும் எங்களுக்குக் காலியாகத்தானே கிடந்தது. ஆடியில் எந்த நல்ல காரியமும் கிடையாது, யாரும் எங்கேயும் அழைக்க மாட்டார்கள், யாரும் வரவும் மாட்டார்கள். ஆபரேஷனை அதற்குள் நுழைத்துவிட்டேன் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்கும், பள்ளிக்கும், கேளம்பாக்கத்துக்கும் பல் ஆபரேஷன் என்று சொன்னோம். பல்லுக்கு ஏற்ற அளவில்தான் ஆபரேஷனும் நடந்தது. மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தி, நான் சொன்னேனே, பார்த்தாயா என்றாள்.

எடுத்த சதையின் ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வந்தது. வெட்டின ஓரம் வரைக்கும் நோய் இருக்கிறது, நரம்பிலும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, இது மெதுவாக வளரும் வகை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானோ, ஓரம் என்ற சொல்லை வைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சண்டை போடுகிறவன். ஓரம் சரியில்லாத தகட்டை ஒரு மில்லிமீட்டருக்காகத் திருப்பி அனுப்புகிறவன். அந்த ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிச்சயத்துக்குத் தட்டு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன்.

தையில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றாள். முகத்தில் தழும்பு இல்லை. போட்டோக்களில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த ஆல்பத்தை நான் இப்போது தொடுவதில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் அவளுக்குக் கன்னத்தில் வலி ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே யாரோ ஊசியால் குத்துவது போல இருக்கிறது என்றாள். வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். முன்பு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை; இப்போது எடுத்ததில், அண்ணத்தில் மிச்சம் இருந்தது நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டின் அடிப்பக்கம் வரைக்கும் போயிருந்தது. கண்ணாடிக் கட்டடத்து டாக்டர் இந்தத் தடவை தானாகவே லெட்டர் எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கு எழுதவில்லை, இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நான் அங்கேயே நின்று, இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க சார் என்று கேட்டேன். கேட்க வேண்டிய நாள் போய் ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அண்ணத்துல வேற கட்டி எடுத்திருக்கேன். இந்த வகையில உங்க அக்காதான் முதல். நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.”

கேட்டால்தான் சொல்வாரா? வாசலில் அவருடைய பட்டங்களை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களே, அவற்றை யார் கேட்டது? இந்த ஆபரேஷன் இந்த ஆஸ்பத்திரியில் இதற்கு முன் நடந்ததில்லை என்று ஒரு வரி எழுதி வைக்க எந்தச் சட்டம் தடுக்கிறது? இதையெல்லாம் சத்தம் போட்டுக் கேட்டேன். நர்ஸ் வந்து கதவைச் சாத்தினாள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கே போனோம். தாம்பரத்திலிருந்து ஒரே பஸ். இவ்வளவு பக்கத்தில் இருந்ததா என்று வயிறு எரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் புருவம் ஏறவில்லை. வியாதியின் பெயரை அவர் நம் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல சர்வசாதாரணமாகச் சொன்னார். வராந்தாவில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செங்கல்பட்டுக்காரருக்கும் அதே வியாதி. அபூர்வம் என்று எங்கள் தெருவில் சொன்னது அங்கே வரிசையில் நின்றது.

கைராசி என்றால் ஒருவர் கை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே ஒரு அறையில் ஆறேழு பேர் உட்கார்ந்து என் அக்கா ஒருத்திக்காகப் பேசினார்கள். கத்தி பிடிப்பவர், ஸ்கேன் படிப்பவர், சதையைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்பவர், கதிர்வீச்சு கொடுக்கிற, எங்கள் பேச்சில் கரண்ட் வைப்பவர். மேல் தாடை போன பிறகு அந்த ஓட்டையை அடைக்கத் தகடு செய்யும் பல் டாக்டர் ஒருவர், ஆபரேஷனுக்கு முன்னாலேயே அக்காவின் வாயில் மாவை வைத்து அளவு எடுத்தார். விழுங்கச் சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருந்தாள். கண்ணாடிக் கட்டடத்தில் இப்படி ஒரு தகடு வேண்டியிருக்கும் என்ற பேச்சே வரவில்லை. நிறைய பேர் வருகிற இடத்தில் டாக்டருடைய கை மட்டும் பழகுவதில்லை, ஆயாவிலிருந்து எல்லாரும் பழகிவிடுகிறார்கள். பிரஸ் யூனிட்டில் இருபது வருடம் குப்பை கொட்டின எனக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் ஆபரேஷன் பற்றி டாக்டரம்மா அந்த டாக்டரைத் திட்டவில்லை. என்னைத்தான் நேராகப் பார்த்தார்.

“இதுல முதல் தடவை எடுக்கிறதுதாங்க முக்கியம். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கொஞ்சம் பெருசா எடுத்து, கரண்ட்டும் வெச்சிருப்போம். இப்ப முழுசா எடுத்துட்டோம்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. ஏன் வரல?”

பல் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியாமல் போய்விட்டது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன சுத்தப் பொய்.

வலது பக்க மேல் தாடையையும், கன்னத்துக்குள் இருந்த நரம்பையும் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். மூக்கோரத்திலிருந்து உதடு வரைக்கும் தழும்பு நன்றாகவே தெரிகிறது. தகடு போட்டுக்கொண்டால் பேச்சு புரியும். கழற்றிவிட்டால் காற்று மூக்கு வழியாகப் போய், பத்து என்பது மத்து என்று வருகிறது. கணக்கு டீச்சருக்கு இது போதாதா? பள்ளியில் ஆபீஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள். போன ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளி தெரிந்தது. இதுவும் மெதுவாகத்தான் வளருமாம். எத்தனை நாள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அக்கா கேட்டாள், அவரும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னார். எனக்கு இந்த மெதுவாக என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இத்தனையையும் நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். அந்த இரண்டாவது ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு மாலை நேரம். இனிமேல் மறைக்க வழியில்லாமல் கேளம்பாக்கத்துக்குச் சொல்லியிருந்தோம். அக்கா மகளின் மாமியார் தனியாக வந்தார். வரும்போது வழி கேட்கவில்லை. எந்த மாடிப்படி, எந்த வார்டு, பார்வையாளர் சீட்டு எங்கே வாங்குவது என்று எல்லாம் தெரிந்தவர் போல நேராகக் கட்டிலுக்கே வந்துவிட்டார். அக்கா மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். அந்த அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் குழாயை எப்போது எடுப்பார்கள், கஞ்சி எப்போது கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்டார். உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்றேன்.

“எங்க நாத்தனாருக்கு இங்கதான் பண்ணாங்க. தொண்டையில. பதினோரு வருசம் ஆவுது, நல்லா கீறாங்க. கல்யாணத்துல பந்தியண்ட நின்னு எல்லாரையும் கவனிச்சிகினு இருந்தாங்களே, அவங்கதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே இட்டுகினு வந்திருப்போமே.”

இத்தனை நாள் டாக்டர் மேலும் சித்தி மேலும் ஊர் மேலும் பட்ட கோபம் எல்லாம் மொத்தமாக அந்த அம்மாவின் மேல் திரும்பியது. அவர் வீட்டில் ஒருத்தி பதினோரு வருடமாக உயிரோடு இருக்கிறாள், அந்த ஒரு சேதி எங்கள் காதில் விழுந்திருந்தால் ஆடியிலேயே அக்காவை இங்கே கொண்டுவந்திருப்பேன். நீங்களாவது எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அக்காவின் கையைத் தடவியபடியே கேட்டார்.

“சொல்லியிருந்தா எங்க வூட்ல பொண்ணு குடுத்திருப்பீங்களா?”

அக்காவால் பேச முடியாது. தலையை மட்டும் மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொடுத்திருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.